பழைய கேம்பரில் புரொப்பேன் பிரிட்ஜ்: சரிசெய்வதா, 12 வோல்ட் கம்ப்ரசருக்கு மாறுவதா?

அமெரிக்காவில் பழைய கேம்பர் (தங்கிப் பயணிக்கும் வண்டி) வாங்கியவர்கள், அதிலுள்ள புரொப்பேன் பிரிட்ஜ் (கேஸ் சுடரின் சூட்டால் உள்ளே அம்மோனியாவை ஓடவிட்டுக் குளிர்விப்பது) குளிரவில்லை என்றதும், பேட்டரியில் ஓடும் 12 வோல்ட் கம்ப்ரசர் பிரிட்ஜைப் புதிதாகத் தேடுகிறார்கள். முதலில் வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, கேஸை மூடிவிட்டு பர்னரில் துருவோ சிலந்திக்கூடோ இருந்தால் சுத்தம் செய்யுங்கள், அப்புறம் சுடர் நீலமாக நின்று எரிந்தாலும் குளிரப் பல மணி நேரம் பிடிக்கும், பொறுங்கள்.

செலவு: பர்னர் சுத்தம் செய்யக் காசே தேவையில்லை. கம்ப்ரசருக்குப் பல நூறு டாலர், ஆயிரம் தாண்டுவதும் உண்டு.

மின்சாரம்: புரொப்பேனுக்குச் சொற்பம். கம்ப்ரசருக்கு நல்ல பேட்டரியும் சோலாரும் வேண்டும்.

சரிவு: வண்டி சாய்ந்து நின்றால், புரொப்பேனில் அம்மோனியா ஓட்டம் தடைப்பட்டு யூனிட்டே கெடலாம். கம்ப்ரசர் பெரும்பாலும் தாங்கும்.

அம்மோனியா நாற்றமோ, பின்புறம் மஞ்சள் படிவமோ தெரிந்தால் உடனே அணைத்துவிட்டு கம்ப்ரசருக்கு மாறுங்கள். மின் இணைப்பில்லாத காட்டில் நாட்கணக்கில் தங்குபவர்களுக்கு, நல்ல நிலையில் உள்ள புரொப்பேன்தான் சரி.