கிண்ணமா, பந்தா? என்பிஏ கோப்பையின் மூன்று வடிவங்கள்

என்பிஏ என்ற அமெரிக்கக் கூடைப்பந்து லீக்கின் சாம்பியன்களுக்கு முதலில் கிடைத்தது சுழற்கோப்பை. பெரிய கிண்ணம் ஒன்று. ஜெயித்த அணி வைத்திருந்துவிட்டு அடுத்த சாம்பியனிடம் ஒப்படைக்க வேண்டும். பாஸ்டன் செல்டிக்ஸ் அணியை நிறுவிய வால்டர் பிரவுன் 1964-இல் இறந்ததும் அவர் பெயரையே அதற்கு வைத்தார்கள். சுழற்கோப்பை என்று பேர்தானே ஒழிய அது அவ்வளவாகச் சுழலவில்லை. 1957 முதல் 1976 வரை 20 பட்டங்களில் 13 செல்டிக்ஸுக்கே போயின.

கிண்ணத்தில் எனக்குப் பிடிக்காதது ஒன்றுதான்: குதிரைப் பந்தயத்துக்குக் கொடுத்தாலும் பொருந்திவிடும்.

1977-இல் வந்த டிஃபனி நகை நிறுவனத்தின் கோப்பையில் அந்தக் குழப்பமே இல்லை. வளையம், வலை, மேலே ஒரு பந்து. விழுந்தும் விழாமலும் இருக்கிற அந்த நொடி வெள்ளியில் உறைந்து, 24 காரட் தங்க முலாம் பூசிக்கொண்டு நிற்கிறது. மொத்த உயரம் சுமார் 2 அடி. பந்தின் விட்டம் மட்டும் 9 அங்குலம், கிட்டத்தட்ட நிஜப் பந்தின் அளவு. ஆட்டக்காரர்கள் அதைக் கட்டிக்கொள்ளும்போது கைக்குப் பழகிய பொருளாகவே தெரிகிறது. முதலில் வாங்கியது போர்ட்லண்ட் அணி. இனி ஆண்டுக்கொரு புதுக் கோப்பை, ஜெயித்தவருக்கே சொந்தம்.

1984-இல் பிரவுன் பெயர் போய், லீக்கின் ஆணையராக இருந்த லாரி ஓ'பிரையன் பெயர் வந்தது. வேடிக்கை, அந்த ஆண்டும் ஜெயித்தது செல்டிக்ஸ்.

சரி, சொந்தமாகக் கிடைத்ததில் நஷ்டமே இல்லையா? உண்டு. ஐஸ் ஹாக்கியின் ஸ்டான்லி கோப்பையில் ஜெயித்த ஆட்டக்காரர்களின் பெயர்களைப் பொறிப்பார்கள். பட்டை நிரம்பினால் பழையதைக் கழற்றி டொராண்டோ அருங்காட்சியகத்தில் வைப்பார்கள். ஆண்டுதோறும் புதிதாக வந்த என்பிஏ கோப்பைக்கோ முன்னோரே இல்லை; பழைய சாம்பியன்களின் பெயர்கள் அதில் இருக்கவில்லை.

2022-இல் கலைஞர் விக்டர் சாலமன் டிஃபனியோடு சேர்ந்து செய்த மாற்றம் இந்தக் குறையைத்தான் தொட்டது. சதுரப் பீடம் போய் இரண்டு வட்டத் தட்டுகள் வந்தன. மேல்தட்டில் முதல் 75 சாம்பியன்களின் பெயர்கள். அடிப்பகுதி கொஞ்சம் கனத்துப்போனது உண்மை. தூரத்திலிருந்து பார்க்க எனக்கு 1977-தான் அழகு. கையில் கிடைத்தால் படித்துப் பார்க்க 2022.

கீழ்த்தட்டில் இன்னும் 25 பெயர்களுக்கு இடம் விட்டிருக்கிறார்கள். 2022-இல் ஜெயித்த கோல்டன் ஸ்டேட் அணிதான் அதில் முதல் ஆள். 2046-இல் அதுவும் நிரம்பிவிடும்.