கல்லறைத் திருநாளையொட்டிக் கிருஷ்ணகிரிக்கு ஒரு பயணம்

அப்பாவின் கல்லறைக்குக் கல் பதிக்கவும், இறந்தோரைக் கத்தோலிக்கர்கள் நினைவுகூரும் நவம்பர் 2ஆம் தேதி கல்லறைத் திருநாளில் உறவினர்களோடு இருக்கவும் ஜெர்மனியிலிருந்து கிருஷ்ணகிரி மாவட்டத்திலுள்ள எங்கள் ஊருக்குச் சென்று வந்தேன். இதே காரணத்துக்காகப் புறப்படுகிறவர்களுக்கு, அங்கே எந்த வேலை எளிதில் முடியும், எது இழுத்தடிக்கும் என்பது தெரிந்திருந்தால் உதவியாக இருக்கும்.

பிராங்க்பர்ட்டிலிருந்து பெங்களூருக்கு நேரடி விமானம் உண்டு. எங்கள் பகுதிக்குச் சென்னையைவிட அதுவே வசதி. ஆனால் விமான நிலையம் நகரின் வடக்கே தேவனஹள்ளியில் இருக்கிறது, நாம் பிடிக்க வேண்டிய ஒசூர் சாலையோ தெற்கே இருக்கிறது. மாலை நேரத்தில் இறங்கினால் நகரைக் கடப்பதிலேயே பாதிப் பொழுது போய்விடும்; அத்திப்பள்ளியைத் தாண்டிவிட்டால் கிருஷ்ணகிரி வரை தடையில்லை. கர்நாடகப் பதிவெண் கொண்ட வாடகைக் காராக இருந்தால், பேசிய தொகைக்குள் தமிழ்நாட்டு பர்மிட்டும் சுங்கக் கட்டணமும் அடங்குமா என்று ஏறுவதற்கு முன்பே கேட்டுவிடுங்கள்.

எங்கள் பங்கு, அதாவது எங்கள் ஊர்க் கோயிலைச் சேர்ந்த கத்தோலிக்கச் சமூகம், தருமபுரி மறைமாவட்டத்தை (ஆயர் ஒருவரின் பொறுப்பிலுள்ள பகுதி) சேர்ந்தது. 1997இல் சேலம் மறைமாவட்டத்திலிருந்து பிரித்து உருவாக்கப்பட்ட மறைமாவட்டம் இது. அடக்கம் செய்யப்பட்ட ஒவ்வொருவரின் பெயரும் பங்கின் இறப்புப் பதிவேட்டில் எழுதப்பட வேண்டும் என்பது திருச்சபைச் சட்டம். எனவே இறந்த ஆண்டும் மாதமும் தெரிந்தால், தாத்தா பாட்டி காலத்து ஆட்களைக்கூடப் பதிவேட்டில் தேடிப் பார்க்கலாம். பங்கு அலுவலகத்தில் இருந்த உபதேசியார் (குருவுக்கு உதவும் கோயில் பணியாளர்) அப்பாவின் பக்கத்தைச் சில நிமிடங்களில் எடுத்துக் கொடுத்தார். பிறந்த தேதியைக் கல்லில் எப்படிப் போடுவது என்று எங்கள் வீட்டில் நடந்த வாக்குவாதம், திருமுழுக்கு (ஞானஸ்நான) பதிவேட்டையும் அவர் எடுத்துக் காட்டியதும் அடங்கியது.

ஆனால் அந்தப் பதிவேட்டில் பெயரும் தேதியும் இருக்கும். எந்த வரிசையில் எத்தனையாவது குழி என்பது இராது. அது குழி வெட்டுகிற பெரியவரின் நினைவில்தான் இருக்கிறது. வடகிழக்குப் பருவமழையில் புல்லும் பார்த்தீனியமும் இடுப்பளவு வளர்ந்து கிடந்தபோது, சிலுவை சாய்ந்துபோன மண் மேடுகளுக்கிடையே அவர் நேராக நடந்து போய், "இதுதாங்க உங்க அப்பாரு, பக்கத்துல உங்க பெரியம்மா" என்று காட்டினார். அவருக்குப் பின் இதைக் காட்ட ஆள் இருப்பார்களா என்று தெரியவில்லை. ஒரு தாளில் கல்லறைத் தோட்டத்தை வரைந்து எண்ணிட்டு வைக்க அதிகச் செலவாகாது. பங்குப் பேரவை இதை ஏன் இதுவரை செய்யவில்லை என்பது எனக்கு விளங்கவில்லை.

கட்டப்படாத மண் கல்லறையைச் சில ஆண்டுகள் கழித்து வேறொருவருக்குத் திறப்பது எங்கள் பங்கில் வழக்கம். இடம் குறைவு, ஆகையால் அதில் எனக்கு வருத்தமில்லை. ஜெர்மனியிலும் கல்லறை இடம் பெரும்பாலும் 15 முதல் 30 ஆண்டுகளுக்குத்தான் தரப்படுகிறது. தவணை முடிந்தால் மீண்டும் பணம் கட்ட வேண்டும், இல்லையேல் இடம் போய்விடும். வேறுபாடு என்னவென்றால், அங்கே முன்கூட்டியே அறிவிப்பு வரும். இங்கே உறவினர் யாராவது ஊரில் இருந்து கவனித்தால்தான் உண்டு. கல் பதிக்க விரும்பினால் முதலில் பங்குத்தந்தையின் அனுமதியையும், கட்டிய பணத்துக்கு ரசீதையும் வாங்கிக்கொண்டு, அதன் பிறகே பட்டறைக்குப் போங்கள்.

பட்டறைகளுக்குப் பஞ்சமில்லை. கிருஷ்ணகிரி, பர்கூர்ப் பக்கமெல்லாம் கிரானைட் அறுத்துப் பாலிஷ் போடும் தொழில்தான். ஜெர்மனிக் கல்லறைகளில் நிற்கும் கற்களில் கணிசமானவை இந்தியாவிலிருந்து போனவை. குழந்தைத் தொழிலாளர் உழைப்பில் உருவானதல்ல என்ற சான்று இல்லாத கல்லை வைக்கக்கூடாது என்று அங்கே சில மாநிலங்கள் சட்டமே இயற்றியிருக்கின்றன. அங்கே அத்தனை விசாரணைக்கு உள்ளாகும் கல்லை, அது வெட்டப்படும் மாவட்டத்தில் யாரும் ஒரு கேள்வியும் கேட்காமல் டெம்போவில் ஏற்றி அனுப்புகிறார்கள்.

நான் சென்ற பட்டறையில் வேலை சுத்தம், பேச்சுதான் சுத்தமில்லை. பாதிப் பணத்தை அட்வான்ஸாக வாங்கிக்கொண்ட பிறகு, நாளைக்கு, நாளைக்கு என்று திருநாளுக்கு முந்தைய நாள் வரை கொண்டுவந்தார்கள். "மழை விட்டாத்தான் சார், சிமெண்ட் புடிக்காது" என்று அவர்கள் சொன்ன காரணத்தில் உண்மை இருந்தது; ஆனால் அக்டோபரில் மழை வரும் என்பது அவர்களுக்குப் புதுச் செய்தியாக இருந்திருக்க முடியாது. எழுத்துகளைத் தாளில் அச்சிட்டு, பெயர், தோற்றம், மறைவு எல்லாவற்றையும் வீட்டுப் பெரியவர் ஒருவரைப் படிக்கச் சொல்லிக் கையெழுத்து வாங்கிய பிறகே வெட்ட விடுங்கள். செப்டம்பரிலேயே ஊரிலுள்ள உறவினர் மூலம் சொல்லிவைப்பது இன்னும் நல்லது.

திருநாளன்று பூவுக்கு அலைய வேண்டியதில்லை. சாமந்தி விளையும் மாவட்டம் ஆதலால் கல்லறைத் தோட்ட வாசலிலேயே குவித்து வைத்திருந்தார்கள், மெழுகுவர்த்தியும் அங்கேயே கிடைத்தது. மாலையில் திருப்பலி முடிந்து, பங்குத்தந்தை தீர்த்தம் தெளித்துக் கல்லறைகளை மந்திரித்துக்கொண்டே வந்தார். நெரிசலில் வயதான சித்தப்பாவை உட்கார வைக்க ஓர் இடமில்லை. தண்ணீர்க் குழாயும் இல்லை, கழிப்பறையும் இல்லை. நாற்காலி ஒன்றைக் காரில் எடுத்துச் செல்வது நல்லது.

முதியவர்களை அழைத்துச் செல்பவர்கள் நவம்பர் 2ஆம் தேதியையே பிடித்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை. கல்லறையைச் சந்தித்துச் செபிப்பதால் இறந்தோருக்குக் கிடைப்பதாகத் திருச்சபை அறிவித்துள்ள பரிபூரண பலன் (பாவத்துக்கான தண்டனையிலிருந்து முழு விடுதலை) நவம்பர் 1 முதல் 8 வரை உண்டு. நாங்கள் 5ஆம் தேதி காலையில் மறுபடி போனபோது தோட்டம் காலியாக இருந்தது. சித்தப்பா அவசரமில்லாமல் முழுச் செபமாலையும் சொல்லி முடித்தார். ஆண்டுதோறும் புல் வெட்டிச் சுண்ணாம்பு அடிப்பதற்கான பணத்தைக் குழி வெட்டும் பெரியவரிடமே கொடுத்தேன். நினைவுத் திருப்பலிக்கான காணிக்கையை அலுவலகத்தில் கட்டி ரசீது வாங்கினேன். ஒப்புக்கொண்ட வேலை நடக்கிறதா என்று பார்த்துச் சொல்லும் பொறுப்பைச் சித்தப்பா மகன் ஏற்றிருக்கிறான்.