ரீக்ரியேஷன் ரூமுக்கு அடித்த எமல்ஷன்: 3 மாதம் கழித்து ஒரு ரிவ்யூ

எங்கள் விடுதியில் ரீக்ரியேஷன் ரூம் என்று ஒன்று பெயருக்கு இருந்தது. உள்ளே உடைந்த கட்டில்கள், பழைய நோட்டுக் கட்டுகள், நடுவில் ஓரம் வீங்கிப்போன ஒரு டேபிள் டென்னிஸ் மேசை. வார்டன் என்ற முறையில் அதைப் பூட்டி வைத்தவனே நான்தான், அதனால் யாரையும் குறை சொல்ல வழியில்லை. 11-ஆம் வகுப்புப் பிள்ளைகள் வந்து, "சார், சாவியும் பெயின்ட்டும் மட்டும் கொடுங்க, மிச்சத்தை நாங்க பார்த்துக்கிறோம்" என்றார்கள். வாங்கியது 10 லிட்டர் வாளி, மேட் ஃபினிஷ் (பளபளப்பு இல்லாதது), வாசனை குறைவு என்று மேலே போட்டிருந்த உட்சுவர் எமல்ஷன்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். வாசனை விஷயத்தில் வாளி பொய் சொல்லவில்லை. அடுத்த அறையில்தான் பிள்ளைகள் தூங்குகிறார்கள். சாயங்காலம் வரை அடித்து, ஜன்னலைத் திறந்து வைத்தால் இரவில் யாரும் தலைவலி என்று வரவில்லை. தண்ணீரில் கரைகிற பெயின்ட் என்பதால் பிரஷ், ரோலர், பிள்ளைகளின் முடி எல்லாமே குழாயடியில் சுத்தமாகிவிட்டன, இதுவே எனாமல் என்கிற எண்ணெய் பெயின்ட் என்றால் டர்பண்டைன் பாட்டிலோடு நான் பின்னாலேயே அலைந்திருப்பேன். முதல் கோட்டுக்கும் இரண்டாவதற்கும் 4 மணி நேரம் இடைவெளி என்கிறார்கள், அதுவும் சரியாகவே இருந்தது.

இப்போது குறை. "ஒரே கோட்டில் மூடும்" என்ற வாசகத்தை யார் எழுதினார்களோ, அவர்களை எங்கள் பழைய கருநீலச் சுவருக்கு முன்னால் நிறுத்த வேண்டும். 3 கோட் ஆனது. பிள்ளைகள் கணக்கெல்லாம் போட்டுத்தான் வாங்கினார்கள்: அறை 20 அடிக்கு 15 அடி, உயரம் 10 அடி, சுவர் மொத்தம் 700 சதுர அடி, கதவு ஜன்னலுக்கு 100 கழித்தால் 600, இரண்டு கோட்டுக்கு 1200. லிட்டருக்கு 120 சதுர அடி என்று வாளியில் இருந்ததால் 10 லிட்டர் போதும். போதவில்லை. கருநீலம் மட்டும் காரணமில்லை, பள்ளம் மேட்டைச் சமமாக்கப் புதிதாகப் பட்டி பூசிய இடங்களில், பெயின்ட்டுக்கு முன்னால் அடிக்க வேண்டிய பிரைமரை அடிக்காமல் அவசரப்பட்டோம், பட்டி பெயின்ட்டை உறிஞ்சிக் குடித்துவிட்டது. அது எங்கள் தப்பு, கம்பெனியின் தப்பு இல்லை.

மறுபடி 4 லிட்டர் வாங்கி வந்ததில் வேறொரு வம்பு. அதே நிறம், அதே எண், ஆனால் பேட்ச் வேறு, அதாவது வேறொரு தடவை தயாரித்தது. காய்ந்த பிறகு ஒரு சுவரின் நடுவில் மெல்லிய கோடு மாதிரி வித்தியாசம் தெரிகிறது, காலை வெயிலில் நன்றாகவே. கடைக்காரர் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். முதலிலேயே எல்லா வாளியையும் சேர்த்து வாங்கி, ஒரே பாத்திரத்தில் கலக்கி அடித்திருந்தால் இது வந்தே இருக்காது. மிச்சம் போதாது என்று தெரிந்தால் சுவரின் நடுவில் நிறுத்தாதீர்கள், மூலையில் நிறுத்துங்கள்.

வடக்குச் சுவரைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அதில் ஓதம் ஏறி உப்புப் பூத்திருந்தது. கழுவிவிடலாம் என்று ஒரு பையன் வாளித் தண்ணீரோடு கிளம்பினான், நல்ல வேளை தடுத்தேன். உப்பு தண்ணீரில் கரைந்து திரும்பச் சுவருக்குள்ளேயே போய்விடும், காய்ந்த பிரஷால்தான் தட்டி எடுக்க வேண்டும். பிறகு ஒரு பிளாஸ்டிக் தாளை நாலு பக்கமும் டேப் போட்டு ஒட்டி ஒரு நாள் விட்டோம். தாளின் உள்பக்கம் வியர்த்திருந்தது, அதாவது ஈரம் சுவரிலிருந்து வருகிறது. வெளியே போய்ப் பார்த்தால் மழைநீர்க் குழாய் உடைந்து நேராக அந்தச் சுவரில் ஊற்றிக்கொண்டிருக்கிறது! குழாயை மாற்றி, அந்தச் சுவரை மட்டும் ஒன்றரை மாதம் காயவிட்டு அப்புறம்தான் அடித்தோம். இன்றுவரை உரியவில்லை.

வேலைப் பங்கீட்டில்தான் பெரிய சண்டை. ரோலர் எல்லோருக்கும் வேண்டும், சுவரைத் தேய்க்கிற உப்புத்தாள் யாருக்கும் வேண்டாம். இரண்டு நாள் சின்னப் பிள்ளைகளே தேய்த்துத் தேய்த்துத் தும்மிக்கொண்டிருந்தார்கள். மூன்றாவது நாள் ஒரு எட்டாம் வகுப்புக்காரன் தாளைக் கீழே போட்டுவிட்டு, "அண்ணா, நீங்க வந்தாத்தான் நானும் தேய்ப்பேன்" என்று உட்கார்ந்துவிட்டான். அன்றிலிருந்து ஒரு மணி நேரம் தேய்த்தவருக்குத்தான் ஒரு மணி நேரம் ரோலர். அந்த விதியை நான் போடவில்லை, அவர்களே சுவரில் பென்சிலால் பெயர் எழுதி நடத்தினார்கள். அந்தப் பெயர்கள் இப்போது 3 கோட்டுக்கு அடியில் இருக்கின்றன.

மீந்த பெயின்ட்டை டேபிள் டென்னிஸ் மேசையில் அடித்தார்கள், எனக்குத் தெரியாமல். செய்யாதீர்கள். இது சுவருக்கான பெயின்ட், மேலே படியும் படலம் மென்மையானது. கை ஊன்றினால் பிசுக்கென்று ஒட்டியது, பந்தையும் பிடித்து இழுத்தது. எல்லாவற்றையும் சுரண்டி எடுத்துவிட்டு, மேசைக்கு ஏற்ற கெட்டியான மேட் பெயின்ட்டைக் கரும்பச்சையில் அடித்து, ஓரங்களில் 2 சென்டிமீட்டருக்கு வெள்ளைக் கோடு போட்டோம். பந்தை 30 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து விட்டால் ஏறக்குறைய 23 சென்டிமீட்டர் எழும்ப வேண்டும் என்பது விதி. ஸ்கேலை வைத்து மேசை முழுக்கச் சோதித்ததில் வீங்கின மூலை மட்டும் தேறவில்லை. ஈரம் குடித்து உப்பிய பலகை பழைய நிலைக்குத் திரும்பாது. அந்த மூலையில் பந்து விழுந்தால் மறு சர்வீஸ் என்று இவர்களாக ஒரு சட்டம் வைத்துக்கொண்டு ஆடுகிறார்கள்.

பெயின்ட்டுக்கு 5-க்கு 3.5. பிள்ளைகள் தூங்கும் இடத்துக்குப் பக்கத்தில் அடிக்க வேண்டுமென்றால் தாராளமாக வாங்கலாம், பிரைமரையும் சேர்த்து வாங்குங்கள். குறைத்ததில் அரை மதிப்பெண் அழுக்குக்காக: மேட் சுவரில் கைத்தடம் பட்டால் துடைத்த இடம் பளபளக்கிறது, கதவுப் பக்கம் முழுக்க இப்போதே அப்படித்தான். ஜன்னல் கம்பிகள் இன்னும் பாக்கி. பழைய எனாமல், அதில் ஈயம் இருக்கலாம், தேய்த்தால் தூசாகப் பறந்து மூச்சில் போகும் என்பதால் உலர் உப்புத்தாள் போட நான் விடவில்லை. அதற்கு ஆள் வைத்துக்கொள்ளலாம் என்றேன், பிள்ளைகளுக்குக் கோபம்.