நல்ல ஆக்ஸிஜன் சென்சாரைக் கழற்றிவிட்டு அரை மாதச் சம்பளத்தைப் பிடுங்கிக்கொண்டார்கள்

கார் வைத்திருப்பவர்கள் இதைப் படித்துவிட்டு ஒர்க்‌ஷாப் பக்கம் போங்கள். அரை மாதச் சம்பளம் பறிபோன வயிற்றெரிச்சலில் எழுதுகிறேன். சொற்கள் கொஞ்சம் சூடாகத்தான் இருக்கும். எஞ்சின் புகையில் மிஞ்சும் ஆக்ஸிஜனை அளக்கும் ஆக்ஸிஜன் சென்சாரை வீட்டிலேயே சோதிப்பது எப்படி என்பதையும் கடைசியில் விளக்கமாக எழுதுகிறேன்.

எஞ்சின் விளக்கு எரிந்தது. வண்டி நிற்கும்போது எஞ்சின் லேசாகக் குலுங்கியது. வேறு தொந்தரவு இல்லை. எல்லா நிறுவனக் கார்களையும் பார்க்கும், கண்ணாடி அறையும் சீருடையுமாகப் பளபளக்கும் ஒர்க்‌ஷாப் ஒன்றுக்குக் கொண்டுபோனேன். ஸ்கேனரில் பி0171 என்ற குறியீடு வந்தது. அங்கிருந்தவர் மிகவும் பொறுமையானவர். திரையை என் பக்கம் திருப்பினார். ஒரு கோடு 0.1 வோல்ட்டில் படுத்தபடியே ஊர்ந்துகொண்டிருந்தது. “நல்ல சென்சார் என்றால் 0.1க்கும் 0.9க்கும் நடுவே ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும் சார். இது செத்துவிட்டது, நீங்களே பாருங்கள்” என்றார். நல்ல சென்சாரைப் பற்றி அவர் சொன்னது சரிதான். அங்கேதான் என்னைப் பிடித்தார். முழுப் பொய் சொல்லியிருந்தால் எங்காவது இடித்திருக்கும். இவர் உண்மையைச் சொல்லி, அதன் தலையில் பொய்யை ஏற்றிவைத்தார். போலிச் சரக்கு வாங்கி ஏமாந்துவிடாதீர்கள் என்று அறிவுரை வேறு! அரை மாதச் சம்பளத்தை எண்ணிக் கொடுத்தேன். பழைய சென்சாரைக் கேட்டு வாங்கி வந்தேன். அதைத் தரும்போது அவர் முகம் போன போக்கு இப்போதுதான் விளங்குகிறது.

குறியீட்டை அழித்திருந்ததால் விளக்கு அணைந்திருந்தது. கொஞ்ச நாளில் மறுபடி எரிந்தது, அதே பி0171. போன் செய்தேன். “புதுச் சென்சாருக்கு எஞ்சின் கம்ப்யூட்டர் பழக வேண்டும், ஓட்டுங்கள்” என்றார்கள். ஓட்டினேன். அடுத்து, பெட்ரோல் சரியில்லை என்றார்கள். நேரில் போனால் அந்தப் பொறுமைசாலி “வேலையாக” இருந்தார். கண்ணாடிக்கு அப்பால் டீ குடிப்பதுதான் அந்த வேலை. பில்லைக் காட்டியபோது, மின்சாதனப் பாகங்களைத் திரும்ப எடுப்பதில்லை என்று பொடி எழுத்தில் அச்சடித்திருந்த வரியை விரலால் தட்டிக் காட்டினார்கள். கடைசியாக வந்த யோசனைதான் உச்சம்: புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரையும் மாற்றிப் பாருங்களேன் என்றார்கள். அரை மாதச் சம்பளத்தை விழுங்கியவர்களுக்கு முழு ஆண்டுச் சம்பளமும் வேண்டும்போலிருக்கிறது.

அதன் பிறகுதான் மல்டிமீட்டரை எடுத்தேன். எஞ்சினை நன்றாகச் சூடாக்கினேன். சென்சாரின் முனை ஏறக்குறைய 300 டிகிரி செல்சியஸைத் தொடாமல் அது சரியாக வேலை செய்யாது. சிக்னல் கம்பியின் இணைப்பில் பின்பக்கமாக ஊசியைச் செருகி வோல்ட் பார்த்தேன். புத்தம் புதிய சென்சாரும் அதே 0.1ல்தான் படுத்திருந்தது! ஆக்ஸிலரேட்டரை மிதித்து நிமிடத்துக்கு 2,500 சுற்றுக்கு ஏற்றியதும் அதுவே ஏறி இறங்கத் தொடங்கியது. காலை எடுத்தால் மறுபடி 0.1. செத்த சென்சார் இப்படி உயிர்த்தெழுமா? பி0171 என்றால் எரிபொருளுக்கு அளவுமீறிக் காற்று இருக்கிறது என்று பொருள். புகையில் ஆக்ஸிஜன் மிஞ்சினால் வோல்ட் இறங்கும். ஆகவே சென்சார் உள்ளதை உள்ளபடி சொல்லிக்கொண்டிருந்தது. காய்ச்சல் என்று போனவனுக்குத் தெர்மாமீட்டரை மாற்றி அனுப்பியிருக்கிறார்கள்.

கணக்கில் வராத காற்று எங்கிருந்தோ உள்ளே போகிறது. எஞ்சினுக்குக் காற்றைப் பிரித்து அனுப்பும் இன்டேக் மேனிஃபோல்டுக்குப் போகும் ரப்பர் குழாய்களை ஒவ்வொன்றாக நசுக்கிப் பார்த்தேன். எஞ்சினுக்குள் தேங்கும் வாயுவை வெளியேற்றும் பிசிவி வால்விலிருந்து வரும் குழாயை மேனிஃபோல்டை ஒட்டி நசுக்கியதும் மீட்டர் 0.8க்குத் தாவியது, சிறிது நேரத்தில் ஒழுங்காக ஏறி இறங்க ஆரம்பித்தது. குழாயின் அடிப்பக்கத்தில் ஒரு வெடிப்பு. சென்சாருக்கு வைத்த விலையில் இந்தக் குழாயை வண்டி நிறைய வாங்கலாம். குழாயை மாற்றி, பழைய சென்சாரையே திரும்ப மாட்டினேன். வோல்ட் ஏறி இறங்கித் துள்ளுகிறது. விளக்கு எரியவில்லை. இதைப் படம் எடுத்து அந்த ஒர்க்‌ஷாப்புக்கு அனுப்பினேன். பார்த்துவிட்டார்கள், பதில் இல்லை. அரை மாதச் சம்பளம் அவர்கள் கல்லாவிலேயே இருக்கிறது.

விளக்கமாக எழுத உட்கார்ந்தால் மறுபடி கோபம்தான் வருகிறது. சுருக்கமாகச் சொல்கிறேன். ஆக்ஸிலரேட்டரை மிதிக்காமல் காட்டும் கோட்டை நம்பாதீர்கள். 2,500 சுற்றில் ஒருமுறை காட்டச் சொல்லுங்கள். டிஜிட்டல் மல்டிமீட்டரை மட்டும் பயன்படுத்துங்கள். சிக்னல் கம்பியில் சோதனை பல்பை மாட்டினால், நன்றாக இருக்கும் சென்சாரும் கெட்டுவிடலாம். மின்தடையைப் பார்க்கும் ஓம் அளவெல்லாம் ஹீட்டர் கம்பிகளில் மட்டும்தான்; பெரும்பாலும் ஒரே நிறத்தில் இருக்கும் இரண்டு கம்பிகள் அவை. ஹீட்டரைக் குறிக்கும் பி0135 வந்தால் முதலில் ஃபியூஸைப் பாருங்கள். சில கார்களில் அகலப்பட்டை (வைட்பேண்ட்) என்ற வேறு வகைச் சென்சார் இருக்கும். அதற்கு இந்த 0.1, 0.9 கணக்கு செல்லாது. புகைக்குழாய் கையைச் சுட்டுவிடும், கவனம். கழற்றிய பாகத்தை வாங்காமல் காசு கொடுக்காதீர்கள்.