200 லிட்டர் மழைநீர்ப் பீப்பாய்: ஒரு கோடை பயன்படுத்திய பின்

கிழக்கு லண்டனில் உள்ளூராட்சி மன்றத்திடம் வாடகைக்கு எடுத்திருக்கும் தோட்டத் துண்டுக்காக, ஏப்ரலில் இந்தப் பச்சை நிறப் பிளாஸ்டிக் பீப்பாயை வாங்கினேன். 2022 ஆகஸ்டில் ரப்பர் குழாயால் தண்ணீர் பாய்ச்சத் தடை வந்தபோது, பொதுக் குழாய்க்கும் பாத்திக்கும் இடையே பூவாளியுடன் நடந்து தோள் வலித்ததை நான் இன்னும் மறக்கவில்லை.

என் கொட்டகையின் கூரை 6 சதுர மீட்டர்தான். ஆயினும் 10 மில்லிமீட்டர் மழைக்கு ஏறத்தாழ 60 லிட்டர் சேர்கிறது. மூடி இறுக்கமாகப் பொருந்துவதால் வெளிச்சம் புகாமல் பாசி குறைகிறது, கொசுவும் முட்டையிடுவதில்லை. ஈரம் ஒரே சீராகக் கிடைத்ததாலோ என்னவோ, முந்தைய ஆண்டு அடிப்பகுதி கருத்து அழுகிய தக்காளி இம்முறை முழுதாகப் பழுத்தது. கொடி பீன்ஸும் பூ உதிராமல் காய்த்தது. பச்சையாக உண்ணும் கீரைகளின் மேல் மட்டும் இந்நீரை ஊற்றுவதில்லை, வேரடியில் மட்டும் ஊற்றுகிறேன்.

குறை பீப்பாயின் அடியிலுள்ள குழாயில்தான். அது மிகத் தாழ்வாக இருப்பதால், 10 லிட்டர் பூவாளி அடியில் நுழையவே இல்லை. பீப்பாயை உயர்த்தி வைக்கும் தாங்கியையோ தனி விலைக்கு விற்கிறார்கள். நான்கு கான்கிரீட் கற்களை அடுக்கிச் சமாளித்தேன். நிறைந்தால் 200 கிலோவுக்கு மேல் கனக்கும் என்பதால், தரையை முதலில் மட்டம் பார்த்துக்கொள்ளுங்கள். திருகுமரையில் கசிந்த நீர், டெஃப்லான் டேப் சுற்றியதும் நின்றது. ஐந்துக்கு நான்கு மதிப்பெண் தருவேன்.