திருமண விருந்துக்குக் காக்டெய்ல் ஏற்பாடு செய்வோர் கவனத்திற்கு: அசல் போத்தலில் போலிச் சரக்கு

சுங்கை சிப்புட் வட்டாரத்தில் திருமண விருந்துகளுக்குக் காக்டெய்ல் கலந்து பரிமாற ஆள் அமர்த்த எண்ணுவோர், முன்பணம் கொடுப்பதற்கு முன் இதைப் படித்துவிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். என் அண்ணன் மகளின் விருந்தில், விலைப்பட்டியலில் குவாந்த்ரோ என்ற பிரெஞ்சு ஆரஞ்சு மதுவின் பெயரை எழுதி அதற்குரிய பணத்தையும் முழுமையாக வாங்கிக்கொண்ட ஏற்பாட்டாளர், அந்தப் போத்தலுக்குள் ஏதோ மலிவான ஆரஞ்சு இனிப்புச் சரக்கை நிரப்பிக் கொண்டுவந்து பரிமாறியிருக்கிறார்.

ஆரஞ்சு மணம் வீசும் மதுவெல்லாம் ஒன்றாகிவிடாது. குவாந்த்ரோ, பிரான்சின் ஆன்ஜே நகரில் 1875 முதல் இனிப்பு ஆரஞ்சு, கசப்பு ஆரஞ்சு ஆகிய இரண்டின் தோல்களையும் கொண்டு வடிக்கப்படுவது. அதில் ஆல்கஹால் 40 விழுக்காடு. கிராண்ட் மார்னியேயும் அதே வலிமை கொண்டதுதான் என்றாலும், அது கோன்யாக் என்ற பிரெஞ்சு பிராந்தியோடு கலந்து செய்யப்படுவதால் அதன் சுவை வேறு. டிரிப்பிள் செக் என்ற பொதுப்பெயரில் விற்பவையோ 15 விழுக்காட்டிலிருந்து 40 வரை பலவிதமாக இருக்கின்றன. அவற்றுள் மலிவானவற்றில் சர்க்கரையும் எசன்ஸும்தான் மேலோங்கி நிற்கும். மார்கரீட்டா என்ற காக்டெய்லுக்கு 50 மில்லி டெக்கீலா, 20 மில்லி ஆரஞ்சு லிக்கர் (இனிப்பு மது), 15 மில்லி எலுமிச்சைச் சாறு என்பது உலகப் பார்டெண்டர் சங்கத்தின் அளவு. இதில் ஆரஞ்சு லிக்கர் இனிப்பை மட்டும் தருவதில்லை. தோலின் எண்ணெய் தரும் இலேசான கசப்புதான் டெக்கீலாவின் காரத்தையும் எலுமிச்சையின் புளிப்பையும் இணைத்துப் பிடிக்கிறது. அந்த இடத்தில் சர்க்கரைத் தண்ணீரை ஊற்றினால் புளிப்பு ஒரு பக்கமும் இனிப்பு ஒரு பக்கமுமாகப் பிரிந்து நிற்கும். அன்று எங்கள் விருந்தினர்கள் பாதிக் கோப்பையோடு மேசையில் வைத்துவிட்டுப் போனதற்குக் காரணம் அதுதான்.

ஈப்போவில் ஒரு ஹோட்டல் பாரில் வேலை செய்யும் மாப்பிள்ளையின் நண்பர்தான் இதை முதலில் கவனித்தார். குவாந்த்ரோவின் சதுரப் போத்தல் செம்பழுப்பு நிறக் கண்ணாடியால் ஆனது; ஆகவே உள்ளே இருப்பதன் நிறம் வெளியே தெரியாது. அவர் அதிலிருந்து சிறிது வெள்ளைக் கண்ணாடிக் குவளையில் ஊற்றி விளக்கருகே பிடித்தபோது, நீர்போல் நிறமற்று இருக்க வேண்டிய மது வெளிர்மஞ்சளாக இருந்தது. ஐஸ் கட்டிகளைப் போட்டுச் சுழற்றினார். அசலாக இருந்தால், குளிர்ந்து நீர் சேரச் சேர ஆரஞ்சு எண்ணெய் பிரிந்து இலேசாக மங்கலாகும்; இதுவோ கடைசிவரை தெளிவாகவே கிடந்தது. போத்தலின் கழுத்தைச் சுற்றி விரலில் ஒட்டும் அளவுக்குச் சர்க்கரை படிந்திருந்தது. சுங்கத்துறையின் வரி முத்திரை ஒட்டியிருந்தது உண்மைதான். போத்தல் அசல், சரக்கு அசல் அல்ல.

கேட்டதற்கு அந்த ஏற்பாட்டாளர், "ஆரஞ்சு வாசம் வந்தா போதும்கா, கலந்துட்டா யாருக்குத் தெரியப் போகுது" என்று என்னிடமே சொன்னார். உள்ளே என்ன ஊற்றினீர்கள், எங்கே வாங்கினீர்கள் என்ற கேள்விக்கு இன்றுவரை பதில் இல்லை. பணத்தைவிட இதுதான் என்னை அதிகம் வதைக்கிறது. சம்சு என்ற மலிவுச் சாராயத்தால் எத்தனையோ குடும்பங்கள் அழிந்ததைப் பார்த்தவர்கள் நாம், தோட்டத்தில் வளர்ந்தவர்கள். 2018 செப்டம்பரில் சிலாங்கூர், கோலாலம்பூர் பகுதிகளில் மெத்தனால் என்ற நச்சு ஆல்கஹால் கலந்த மதுவைக் குடித்துப் பலர் மாண்டதும் நினைவிருக்கும். எங்கள் விருந்தில் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் மெத்தனாலை நிறத்தாலோ மணத்தாலோ கண்டறிய முடியாது. நான் சொன்ன ஐஸ் சோதனையும் அதைக் காட்டிக்கொடுக்காது. குடித்த மறுநாள்கூடப் பார்வை மங்கினாலோ வாந்தியும் வயிற்றுவலியும் வந்தாலோ, போதை தெளியட்டும் என்று காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும்.

ஏற்பாட்டாளரை அமர்த்தும்போது, மதுவின் பெயர், ஆல்கஹால் விழுக்காடு, போத்தல் எண்ணிக்கை ஆகிய மூன்றையும் எழுத்தில் வாங்குங்கள். மூடி திறக்கப்படாத போத்தல்களை உங்கள் வீட்டார் ஒருவர் முன்னிலையில்தான் திறக்க வேண்டும் என்பதையும் அதிலேயே சேர்த்துவிடுங்கள். விலை கட்டுப்படியாகாவிட்டால் சாதாரண டிரிப்பிள் செக்கே போதும், அதில் குறைவொன்றுமில்லை. அதன் பெயரிலேயே, அதன் விலைக்கே கொடுக்கட்டும். விருந்து முடிந்ததும் காலிப் போத்தல்களை அவர்களே அள்ளிக்கொண்டு போக விடாதீர்கள், ஏனெனில் அடுத்த வீட்டு விருந்துக்கு நிரப்பப்படுவது அவைதான்.

நாங்கள் மலேசியப் பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றத்தில் மனு கொடுத்திருக்கிறோம். கட்டணம் 5 ரிங்கிட்தான். 50,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கைகளை அங்கே கொண்டுபோகலாம், வழக்கறிஞரும் தேவையில்லை. விலைப்பட்டியல், பணம் செலுத்திய ரசீது, அந்த ஒரு போத்தல், குவளையின் படங்கள் ஆகியவற்றை இணைத்திருக்கிறோம். இந்த வட்டாரத்தில் இதேபோல் ஏமாற்றப்பட்டவர்கள் ரசீதைத் தேடி எடுத்து வைத்துக்கொண்டு எனக்குத் தகவல் அனுப்புங்கள். மனுவை எப்படி நிரப்புவது என்பதை நான் சொல்லித் தருகிறேன்.