கியர் பல் சரியாக உட்கார்ந்ததா: டயல் கேஜா, நீல மையா?

காசிமேட்டில் பைபர் படகு வைத்திருப்பவர்களுக்கு இந்தக் கேள்வி புதிதல்ல. படகின் பின்னால் வெளியே மாட்டும் அவுட்போர்டு எஞ்சினின் கீழ் கியர் பாக்ஸைப் பிரித்து மாட்டியதும், பல்லோடு பல் சரியாகச் சேர்ந்ததா என்று எப்படிப் பார்ப்பது?

உள்ளே, எஞ்சின் சுழற்சியைக் கீழே கொண்டுவரும் டிரைவ் ஷாஃப்டின் நுனியில் பினியன் என்ற ஒரு சின்னப் பல்சக்கரம். அது முன்கியர், பின்கியர் இரண்டையும் எதிரெதிராகச் சுற்றிக்கொண்டே இருக்கும். நடுவிலுள்ள கிளட்ச் எதைப் பிடிக்கிறதோ அந்தப் பக்கம்தான் புரொப்பல்லர் ஓடும்.

முள் வைத்த அளவுக் கருவியான டயல் கேஜ் பற்களுக்கு இடையிலான ஆட்டத்தை அளக்கும். புரொப்பல்லர் ஷாஃப்டை இறுக்கிப் பிடித்து, டிரைவ் ஷாஃப்டை லேசாக முன்னும் பின்னும் திருப்பினால் முள் காட்டிவிடும். சரியான அளவு மாடலுக்கு மாடல் மாறும். சர்வீஸ் புத்தகத்தைப் பார்க்காமல் கைக்கணக்கு வேண்டாம். ஆட்டம் போதாவிட்டால் சூடேறித் தேயும், கூடினால் பல் இடிக்கும். இடையில் வைக்கும் மெல்லிய ஷிம் தகட்டைக் கூட்டிக் குறைத்துத்தான் சரிசெய்ய வேண்டும்.

நீல மைக்குப் பெரிய செலவில்லை. பல்லில் மெல்லப் பூசிச் சுற்றினால் தடம் விழும். நடுவில் விழுந்தால் சரி. ஆனால் கேஜ் எண் சரியாக இருந்தும் தடம் ஓரத்தில் விழலாம், அதுதான் வில்லங்கம். பினியன் உயரம், அதாவது அது உட்காரும் இடம், தப்பு என்பதை ஆட்டத்தின் அளவு மட்டும் சொல்லாது.

என்னைக் கேட்டால் முதலில் பினியன் உயரம், அப்புறம் கேஜ், கடைசியில் மை. கேஜ் இல்லாத பட்டறையா? பழைய கியர், பழைய பேரிங், பழைய ஷிம் அப்படியே திரும்ப மாட்டினால் மையை ஓரளவு நம்பலாம். பேரிங் மாறிவிட்டால் நான் நம்பமாட்டேன். எண்ணெய் பால்போல் வெளுத்திருந்தால் அது சீல் கதை, தண்ணீர் புகுந்திருக்கிறது; கியரைத் திட்ட வேண்டாம்.